எம்டன் கேப்டனின் பெயர் தெரியும், தம்பி மாமாவின் பெயர் தெரியாது



நம் சங்கராபுரத்தில் கடல் கிடையாது. மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே ஒரு பைத்தியம். உலகப் போர்களில் கடலில் நடந்த, அதிகம் பேர் அறியாத சம்பவங்களைத் தேடித்தேடிப் படிப்பேன். எந்தக் கப்பல், எத்தனை பீரங்கி, எந்த நாளில் மூழ்கியது என்பதெல்லாம் மனப்பாடம். நம் டிரஸ்டின் மாலை வகுப்பில் பாடம் முடிந்து ஐந்து நிமிடம் மிஞ்சினால் பிள்ளைகளுக்கு ஒரு கப்பல் கதை நிச்சயம்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியால் அந்தப் பைத்தியம் கொஞ்சம் தெளிந்தது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

எம்டன் கதை

அன்று நான் சொன்னது எம்டன் கதை. கெட்டிக்காரனையும் கண்டிப்பானவனையும் "அவன் பெரிய எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன். 2006இல் வந்த "எம் மகன்" படத்துக்குக்கூட முதலில் வைத்த பெயர் "எம்டன் மகன்". ஆனால் எம்டன் என்பது ஆள் பெயரல்ல, ஜெர்மனியின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்கு மேல். சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே கடலில் வந்து நின்றது எம்டன். அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். கரையில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, கலங்கரை விளக்கமும் சுழன்றுகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலேயே குறி பார்த்து, அரை மணி நேரத்துக்குள் நூறுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. எதிர்த்தாக்குதல் சூடு பிடிப்பதற்குள் எம்டன் இருட்டில் மறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து சென்னை மக்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்ய ஆரம்பித்தார்கள். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் இருக்கிறது.

அக்டோபர் 28 அன்று எம்டன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிவதற்காகப் போலியாக ஒரு புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு போய், ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் மாட்டி அழிந்தது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று நம் ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று எதுவும் கிடையாது என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன்.

கதை முடிந்தது. எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அந்தப் பையன் மட்டும் கை தூக்கினான்.

"சார், மெட்ராஸில் கப்பல் மேலயும் குண்டு விழுந்துச்சா?"

"விழுந்தது. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பல் அடிபட்டது. சிலர் இறந்தார்கள்."

"அவங்க யாரு சார்? நம்ம ஆளுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எம்டன் கேப்டனின் பெயரை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடிபட்ட கப்பலில் வேலை செய்தவர் ஒருவரின் பெயரைக்கூட நான் தேடியதில்லை. அன்று வீட்டுக்குப் போனதும், நான் படித்த சம்பவங்களையெல்லாம் ஒரே ஒரு கேள்வியோடு மறுபடி எடுத்துப் பார்த்தேன். கப்பலின் அடித்தட்டில் இருந்தது யார்?

அடித்தட்டில் இருந்தவர்கள்

அந்தக் காலத்துக் கப்பல்கள் நிலக்கரியில் ஓடியவை. கீழே கொதிகலன் அறையில் இரவு பகலாகக் கரி அள்ளிப் போட ஆட்கள் வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனிகள் அந்த வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தன. அவர்களுக்கு "லஸ்கர்" என்று பெயர். இரண்டாம் உலகப் போர் தொடங்கும்போது பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் இருந்த மாலுமிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் லஸ்கர், சுமார் 50,000 பேர். சமையல், பரிமாறும் வேலைகளில் கோவாக்காரர்கள் அதிகம். இயந்திர அறையிலும் கொதிகலன் அறையிலும் பெரும்பாலோர் முஸ்லிம்கள், குறிப்பாகச் சில்ஹெட், நவகாளி பக்கத்து ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை வேலை வாங்கும் தலைவருக்கு "சாரங்கு" என்றும் அவருக்கு அடுத்தவருக்குத் "தண்டல்" என்றும் பெயர்.

நீர்மூழ்கிக் கப்பல் டார்பிடோ விட்டால், பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியைத்தான் குறி வைக்கும். இயந்திர அறையும் கொதிகலன் அறையும் இருப்பது அங்கே. மேல்தளத்தில் இருப்பவனுக்குப் படகில் ஏற நேரம் கிடைக்கும். கீழே கரி அள்ளிக்கொண்டிருப்பவனுக்குப் பல நேரங்களில் ஏணியில் ஏறக்கூட நேரம் இருக்காது.

சம்பளமோ, ஐரோப்பிய மாலுமி வாங்கியதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. 1939இல் போர் தொடங்கியதும் பல துறைமுகங்களில் லஸ்கர்கள், "சாவு எல்லாருக்கும் ஒன்றுதானே, சம்பளம் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டு வேலை செய்ய மறுத்தார்கள். அதற்காகப் பலர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் சம்பளம் ஓரளவு உயர்ந்தது. எந்தப் பீரங்கிச் சண்டைக்கும் குறையாத துணிச்சல் இது. ஆனால் நான் படித்த கடற்போர்ப் புத்தகங்களில் இதற்கு ஒரு பத்தி இருந்தாலே அதிகம்.

இந்தக் கடல் நமக்கு அந்நியமானதும் அல்ல. நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் என்று நம் சமுதாயம் கப்பலோட்டிய ஊர்கள் இருக்கின்றன. தமிழில் புழங்கும் கப்பல் வார்த்தைகளையே பாருங்கள். மதரஸாவில் ஓதியபோது "முஅல்லிம்" என்றால் எங்களுக்குக் கற்றுத்தரும் உஸ்தாத். அந்த அரபுச் சொல்தான் கடலில் வழிகாட்டுபவரையும் குறித்து, தமிழில் "மாலுமி" ஆயிற்று. கப்பலைத் திருப்பும் "சுக்கான்" அரபுச் சொல். "நங்கூரம்" பாரசீகத்து "லங்கர்". சொற்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், அந்தச் சொற்களோடு வாழ்ந்த மனிதர்களைத்தான் விட்டுவிட்டோம்.

பெனாரஸ் கப்பலின் படகு

1940 செப்டம்பர் 13 அன்று "சிட்டி ஆஃப் பெனாரஸ்" என்ற பயணிகள் கப்பல் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. ஜெர்மன் விமானக் குண்டுகளிலிருந்து காப்பாற்றுவதற்காகப் பெற்றோர் அனுப்பிய 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். செப்டம்பர் 17 இரவு, அட்லாண்டிக் பெருங்கடலில் புயலும் குளிருமாக இருந்த நேரத்தில், ஜெர்மன் நீர்மூழ்கி யூ-48 அதைத் தாக்கியது. அந்த 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். உலகமே அழுதது, அழ வேண்டியதுதான்.

அதே கப்பலில் இருந்த இந்திய மாலுமிகளில் ஏறக்குறைய நூறு பேர் இறந்ததைப் பற்றி அன்று பேசியவர்கள் குறைவு. பருத்தி உடையோடு படகில் ஏறியவர்கள் அந்தக் குளிரில் விறைத்துச் செத்தார்கள்.

12ஆம் எண் படகு மட்டும் யார் கண்ணிலும் படாமல் எட்டு நாள் கடலில் மிதந்தது. அதில் 46 பேர். ஆறு பேர் சிறுவர்கள், பாதிக்கும் மேற்பட்டோர் இந்திய மாலுமிகள். தண்ணீரைச் சில மிடறுகளாக அளந்து குடித்தார்கள். செப்டம்பர் 25 அன்று ஒரு விமானம் பார்த்துச் சொல்ல, போர்க்கப்பல் ஒன்று வந்து மீட்டது. அந்தச் சிறுவர்களின் பெயரும் அவர்களைப் பார்த்துக்கொண்ட ஆசிரியையின் பெயரும் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். மற்றவர்கள் பல இடங்களில் வெறும் "லஸ்கர்கள்".

திலாவா: வெள்ளி மேலே வந்தது

இரண்டாவது சம்பவம் நம் பக்கத்துக் கடலில் நடந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்கக் கடலில் நுழைந்து, ஒரு வாரத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னை இரண்டாவது முறையாகக் காலியானது. அந்த வருடம் இந்தியப் பெருங்கடல் முழுவதுமே ஆபத்தாக இருந்தது.

அந்த நவம்பர் 20 அன்று "திலாவா" என்ற பயணிகள் கப்பல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. கப்பலில் மொத்தம் 958 பேர். பிழைப்புக்காகவும் குடும்பத்தோடு சேர்வதற்காகவும் போன இந்தியர்களே பயணிகளில் பெரும்பாலோர். 23ஆம் தேதி விடிவதற்கு முன், ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 அதன்மேல் டார்பிடோ விட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொன்று. கப்பல் மூழ்கியது. 280 பேர் இறந்தார்கள். பர்மிங்ஹாம் என்ற போர்க்கப்பல் 674 பேரையும் கார்தேஜ் என்ற கப்பல் 4 பேரையும் மீட்டன.

அந்தக் கப்பலில் 2,364 வெள்ளிக் கட்டிகளும் இருந்தன. நாணயம் அச்சடிக்கத் தென்னாப்பிரிக்க அரசு வாங்கியவை. 75 வருடம் கழித்து, 2017இல், ஒரு கம்பெனி சுமார் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்திலிருந்து அந்த வெள்ளியை மேலே எடுத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. வெள்ளி யாருக்குச் சொந்தம், எடுத்ததற்குக் கூலி உண்டா என்று வழக்கு நடந்து, 2024இல் பிரிட்டன் உச்சநீதிமன்றம் வரை போனது.

வெள்ளிக்குக் கணக்கு இருந்தது. எத்தனை கட்டி, யார் அனுப்பியது, யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதெல்லாம் தாளில் இருந்தது. அதனால் 75 வருடம் கழித்தும் சொந்தக்காரர் வந்து நின்று கேட்க முடிந்தது. இறந்த 280 பேரின் குடும்பங்களோ, ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்து மும்பையில் நினைவுக் கூட்டம் நடத்த 2022 நவம்பர் வரை, அதாவது 80 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது.

சிறிய கப்பலின் வெற்றி

நம் ஆட்கள் செத்த கதைகள் மட்டும்தான் உண்டு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. திலாவா மூழ்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, 1942 நவம்பர் 11 அன்று, அன்றைய இந்தியக் கடற்படையின் "பெங்கால்" என்ற சிறிய கப்பல், "ஒண்டினா" என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கண்ணி வெடிகளை அகற்றுவதுதான் பெங்காலின் உண்மையான வேலை. அதில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று. கோகோஸ் தீவுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன் எடை, பீரங்கிகளும் பெரியவை.

பெங்கால் ஓடவில்லை. எண்ணெய்க் கப்பல் தப்பட்டும் என்று எதிரியை நோக்கியே போனது. ஒண்டினாவும் தன்னிடமிருந்த ஒற்றைப் பீரங்கியால் சுட்டது. "ஹொகோகு மாரு" என்ற ஜப்பானியக் கப்பல் தீப்பிடித்து, வெடித்து, மூழ்கியது. ஒண்டினாவின் கேப்டன் ஹோர்ஸ்மன் கொல்லப்பட்டார், ஆனால் கப்பல் தப்பி ஆஸ்திரேலியா திரும்பியது. பெங்கால் சேதத்தோடு டீகோ கார்சியா தீவு போய்ச் சேர்ந்தது.

பெங்காலின் கேப்டன் வில்சன். அவர் பெயரை எல்லா நூல்களும் சொல்லும். பீரங்கியில் குண்டு ஏற்றியவர்களும் கீழே இயந்திரத்தைப் பார்த்தவர்களும் இந்திய மாலுமிகள். முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே தளத்தில் நின்று செய்த வேலை அது.

பெயர்கள் எங்கே இருக்கின்றன?

வணிகக் கப்பல்களில் பணிபுரிந்து கடலிலேயே இறந்தவர்களுக்காக லண்டன் டவர் ஹில்லில் ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே பெயர்கள் வெண்கலத் தகடுகளில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதே கப்பல்களில் இறந்த இந்திய மாலுமிகளுக்கு மும்பையிலும் சிட்டகாங்கிலும் நினைவுப் பதிவு வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மும்பை மஸ்ஜித் பந்தர் பகுதியில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் நினைவிடம் இருக்கிறது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இந்தப் பெயர்களைச் செலவில்லாமல் தேடலாம். ஆனால் ஒரே பெயரை ஆங்கிலேய எழுத்தர்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். மொய்தீன், முகைதீன், மைதீன் என்று எல்லா எழுத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். தகப்பனார் பெயர் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

எங்கள் வீட்டுக் கதை

இதையெல்லாம் தேடிப் படித்தபோது எங்கள் வீட்டு ஆள் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். என் பாட்டியின் தம்பி. இளவயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார். கப்பலில் கரி அள்ளும் வேலை கிடைத்ததாக ஒரு கடுதாசி வந்ததாம். பிறகு பணமும் இரண்டு முறை வந்ததாம். சண்டைக் காலத்தில் கடுதாசி நின்றுபோனது. பாட்டி மௌத்தாகும் வரை, வாசலில் தபால்காரர் நின்றால் எட்டிப் பார்ப்பார்கள். அதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, அவர் பெயரைத் தேடுவோம் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

"அவரு பேரு என்னம்மா?"

"மாமாதான். பாட்டி தம்பி தம்பின்னு சொல்லுவாங்க. நாங்க மாமான்னு சொல்லுவோம். உங்க எல்லாருக்கும் தம்பி மாமா."

"அது சரி, வச்ச பேரு?"

அம்மா வெகுநேரம் யோசித்தார்கள். "தெரியலையேப்பா" என்றார்கள். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

யோசித்துப் பாருங்கள். 1914இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன்காரனின் முழுப் பெயர் எனக்குத் தெரியும். திலாவாவில் எத்தனை வெள்ளிக் கட்டி என்று தெரியும். என் பாட்டி கூடப்பிறந்தவரின் பெயர் தெரியாது. அவர் பெயர் மும்பை ஏட்டில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் என்னால் அதை அடையாளம் காண முடியாது. அதற்குப் போரையோ வெள்ளைக்காரனையோ குறை சொல்ல முடியுமா? பாட்டி உயிரோடு இருந்த காலத்தில் நான் கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்துதான் கப்பல் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.

நாம் செய்ய வேண்டியது

எனவே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மூன்று வேலைகள் சொல்கிறேன்.

ஒன்று. இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டை எடுங்கள். பர்மா, மலேயா, சிங்கப்பூர், சிலோன், பம்பாய் என்று பிழைக்கப் போன உங்கள் முன்னோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வைத்த பெயர், தகப்பனார் பெயர், பிறந்த ஊர், போன வருடம், போன வழி, கடைசியாகத் தகவல் வந்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். மாமா, பெரியத்தா என்ற உறவுமுறை மட்டும் போதாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் ஞாபகம் அதிகம்.

இரண்டு. இன்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பாஸ்போர்ட் எண், கம்பெனியின் பெயர், தங்கும் இடம், உடன் வேலை செய்யும் ஒருவரின் போன் எண் வேண்டும். கப்பல் வேலைக்குப் போயிருந்தால் கப்பலின் பெயரும் சி.டி.சி. எண்ணும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கப்பல் வேலைக்கு அனுப்புவதாகப் பணம் கேட்கும் ஏஜென்டிடம், மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உரிமம் இல்லாதவர் மூலம் போகிற பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால், அவன் எந்தக் கப்பலில் இருந்தான் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. செங்கடலில் வணிகக் கப்பல்கள் தாக்கப்பட்டு மாலுமிகள் உயிரிழந்ததை 2024இல் செய்தியில் பார்த்தோம். இது பழங்கதை மட்டும் இல்லை.

மூன்று. பிள்ளைகளே, போர்க்கதை படிப்பதை விட்டுவிடாதீர்கள். நானும் விடப்போவதில்லை. ஆனால் எந்தக் கதையைப் படித்தாலும் கேப்டனின் பெயரோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். கீழே வேலை செய்தது யார்? அவர்களுக்கு என்ன ஆனது? அவர்கள் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? பதில் கிடைத்தால் வகுப்பில் வந்து சொல்லுங்கள்.

நோட்டில் எழுதியதை நகல் எடுத்து டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுத்தால், குடும்பவாரியாகக் கோப்பில் வைத்துப் பாதுகாப்போம். எழுதத் தெரியாத பெரியவர்கள் வந்து சொன்னால் நம் மாலை வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். கேள்வி கேட்ட அந்தப் பையன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறான்.

முதல் பக்கத்தை நான் எழுதி வைத்துவிட்டேன். பாட்டியின் தம்பி. ஊர் சங்கராபுரம். நாகப்பட்டினம் வழியாகக் கப்பலேறினார். கரி அள்ளும் வேலை. பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நம் ஊரில் இருக்கும் பெரியவர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால், அல்லது அவர் பெயரைத் தங்கள் அத்தா சொல்லிக் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லியனுப்புங்கள். நானே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.